பிரேக் வேலை முடிந்தபின் பெடல் இறங்குவது பற்றி

தாயில்பட்டி வட்டாரத்தில் தம் வண்டியின் பிரேக்கைத் தாமே பிரித்துப் பூட்டும் அன்பர்களுக்கு ஒரு திறந்த மடல்



சிவகாசிக்கும் சாத்தூருக்கும் ஏழாயிரம்பண்ணைக்கும் இடைப்பட்ட இந்தக் கரிசல் பூமியில், காலை ஏழு மணிக்கெல்லாம், பட்டாசு ஆலைகளுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் வேன்களும், அட்டைப்பெட்டிகளை உயர அடுக்கித் தார்ப்பாய் போர்த்திய லோடு வண்டிகளும், சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் செகண்ட் ஹாண்டில் வாங்கப்பட்ட சின்னக் கார்களும் சாலையை நிறைத்துவிடுகின்றன. இவற்றுள் பலவற்றின் பிரேக் வேலையானது, பட்டறைக் கூலியை மிச்சம் பிடிக்கும் நிமித்தமும், ஞாயிற்றுக்கிழமையைப் பிரயோஜனமாகக் கழிக்கும் ஆசையினாலும், கைப்பேசியில் கண்ட காட்சிகள் அளித்த தைரியத்தினாலும், வீட்டு வாசலில் வேப்பமர நிழலிலேயே நடந்தேறுகிறது என்பது எல்லாரும் அறிந்த சங்கதி. அதைக் கண்டித்து எழுதுவது என் நோக்கமன்று. தன் வண்டியைத் தானே பிரித்துப் பார்ப்பவனுக்கு அதன் மீது உண்டாகும் அக்கறை, சாவியைத் திருகுவதோடு சரி என்று இருப்பவனுக்கு ஒருநாளும் உண்டாவதில்லை என்பதே பட்டறைத் தொழிலில் ஆயுளின் பெரும் பகுதியைக் கழித்த எனது அபிப்பிராயம்.

நான் எழுதப் புகுந்தது அந்த வேலை முடிந்த பின்னர் நிகழும் ஒரு காரியத்தைக் குறித்து. புதிய பேட் மாட்டியாகிவிட்டது, அல்லது ஒழுகிய வீல் சிலிண்டர் மாற்றப்பட்டுவிட்டது. சக்கரத்தைப் பூட்டி, ஜாக்கியை இறக்கி, இருக்கையில் அமர்ந்து காலை வைத்தால், நேற்றுவரை பாதி வழியில் உறுதியாக நின்ற பெடல் இன்று மெத்துமெத்தென்று தரையை நோக்கிப் போகிறது. இரண்டு மூன்று முறை வேகமாக மிதித்தால் மேலே எழும்புகிறது. உடனே, 'பம்ப் பண்ணினால் பிடிக்கிறது. ஓட ஓடச் சரியாகிவிடும்' என்று தமக்குத் தாமே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு வண்டியைச் சாலைக்கு எடுத்துவிடுகிறார்கள். ஓட ஓடச் சரியாவது புதிய லைனிங்கின் மேற்பரப்பு ஒன்றுதான். அது டிரம்மோடும் டிஸ்க்கோடும் இழைந்து படிவதற்குச் சிறிது ஓட்டம் வேண்டியிருக்கிறது. பெடல் இறங்குவதோ ஓட்டத்தால் சரியாகும் வியாதி அன்று. ஆடி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மனை நாடிச் சாலையோரமாக நடந்து செல்லும் கூட்டத்தினின்று ஒரு குழந்தை குறுக்கே ஓடி வரும்போது, இரண்டாம் முறை மிதிப்பதற்கான அவகாசத்தை எந்தத் தெய்வமும் நமக்கு உத்தரவாதமாகக் கொடுத்து வைக்கவில்லை.

இந்த அலட்சியம் எனக்கு விளங்காமைக்கு ஒரு விசேஷக் காரணம் உண்டு. பட்டாசு மருந்து கலக்கும் அறைக்குள் நுழையுமுன் செம்புத் தகட்டைத் தொட்டு உடம்பிலுள்ள நிலைமின்சாரத்தை மண்ணுக்கு அனுப்பிவிட்டு, இரும்புக் கருவியைத் தூரத்தில் வைத்துவிட்டு, அன்று கலந்த மருந்தை அன்றே செலுத்தித் தீர்க்கவேண்டும் என்னும் நியமங்களின் நடுவே தலைமுறை தலைமுறையாக வாழ்கிறவர்கள் நாம். உராய்வும் வெப்பமும் ஒரு கணத்தில் என்ன செய்யக்கூடும் என்பதை 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியிலும் 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்திலும் நேர்ந்த ஆலை வெடிவிபத்துகளில் கண்கூடாகக் கண்டவர்கள். ஆலைக்குள் அந்த உராய்வை அவ்வளவு பயபக்தியோடு நடத்தும் ஜனங்கள், ஆலைக்கு ஏறிச் செல்லும் வண்டியில் அதே உராய்வை மட்டுமே நம்பித் தங்கள் உயிரை ஒப்படைத்திருக்கும்போது, 'ரெண்டு தடவை மிதிச்சாப் பிடிக்கும்' என்று சொல்லித் திருப்தி அடைவது எங்ஙனம் என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், விடை கிடைத்தபாடில்லை.

விஷயத்துக்கு வருவோம். மூடிய பாத்திரத்திலுள்ள திரவத்தின் மீது ஓரிடத்தில் செலுத்தப்படும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் குறைவின்றிப் பரவும் என்று 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு தேசத்துப் பாஸ்கல் விளக்கிய தத்துவத்தை, மோட்டார் வண்டியின் சக்கரங்களுக்குக் கொண்டு சேர்த்தவர் அமெரிக்காவைச் சேர்ந்த மால்கம் லாக்ஹீட்; 1921இல் டூசன்பெர்க் என்னும் ஆடம்பரக் கார் நான்கு சக்கரத்துக்கும் அந்த ஏற்பாட்டோடு வெளிவந்தது. அதற்கு முன்னெல்லாம் இரும்புத் தண்டையும் கம்பி வடத்தையும் இழுத்துத்தான் வண்டியை நிறுத்தவேண்டியிருந்தது. நம் நாட்டில் அம்பாசடர் ஓடிய நாள்தொட்டுத் திரவப் பிரேக்தான் வழக்கம்; சென்னைப் பாடியில் பிரேக்ஸ் இந்தியா நிறுவனம் 1962இல் தோன்றிய பின்னர், இந்த உறுப்புகளுக்குப் பிற தேசத்தை அண்ணாந்து பார்த்திருக்கும் அவசியமும் நமக்குக் குறைந்துபோயிற்று.

இதன் பலத்தைக் கணக்காகவே பார்க்கலாம். காலால் 20 கிலோ பாரம் கொடுக்கிறீர்கள். பெடலின் நெம்புகோல் அதை ஐந்து மடங்காக்கினால், மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் மீது 100 கிலோ விழுகிறது. அந்தப் பிஸ்டனின் விட்டம் 20 மில்லிமீட்டர் என்றால் அதன் பரப்பு 3.14 சதுர சென்டிமீட்டர். ஆகவே குழாய்களுக்குள் சதுர சென்டிமீட்டர் ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 32 கிலோ அழுத்தம் உண்டாகிறது. முன்சக்கரக் கேலிப்பரின் பிஸ்டன் 50 மில்லிமீட்டர் விட்டமுடையதாயின், பேடை டிஸ்க்கோடு அழுத்தும் பலம் 600 கிலோவைத் தாண்டிவிடுகிறது. இந்த அற்புதம் அனைத்தும், திரவம் சுருங்காது என்னும் ஒரே ஆதாரத்தின் மேல் நிற்கிறது. அந்தத் திரவத்தினிடையே ஒரு கன சென்டிமீட்டர் காற்று, அதாவது ஆஸ்பத்திரியில் போடும் மிகச் சிறிய ஊசிக்குழலில் அடங்கும் அளவு, தங்கிவிட்டதென்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அழுத்தத்தில் அது முப்பதில் ஒரு பங்குக்கும் கீழாகச் சுருங்கி, ஏறத்தாழ இல்லாமலே போய்விடுகிறது. காலியான அந்த இடத்தை நிரப்ப மாஸ்டர் பிஸ்டன் மூன்று மில்லிமீட்டர் கூடுதலாக நகரவேண்டும். நெம்புகோலின் இந்தப் பக்கத்தில், உங்கள் பாதத்தின் கீழ், அது ஒன்றரைச் சென்டிமீட்டராகிவிடுகிறது. மூன்று கன சென்டிமீட்டர் தங்கினால் நாலரைச் சென்டிமீட்டர் வீணாகிப் பெடல் தரையை நெருங்கிவிடும். கண்ணுக்குப் புலப்படாத ஒரு குமிழி காலுக்கு இவ்வளவு பெரிதாகத் தெரிவதன் ரகசியம் இதுவே.

இதைப் படித்த மாத்திரத்தில், 'ஆக, காற்றை எடுத்துவிட்டால் தீர்ந்தது' என்று எழுந்துவிடாதீர்கள். பெடல் இறங்கினால் உடனே காற்று எடுக்கும் நிப்பிளைத் திறப்பது நம்மூரில் ஒரு சம்பிரதாயமாகவே ஆகிவிட்டது. ஒரு டின் பிரேக் ஆயில் தீரும், பெடல் முன்போலவே இறங்கும், இன்னொரு டின் வாங்கச் சாத்தூருக்கு ஆள் போவான், மாலையில் இரண்டாவது டின்னும் தீர்ந்திருக்கும். பின்சக்கர டிரம்மில் ஷூவுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளி கூடிவிட்டால், காற்று எள்ளளவும் இல்லாமலே அதே விளைவு நேரும். 19 மில்லிமீட்டர் வீல் சிலிண்டரின் இரண்டு பிஸ்டன்களும் தலைக்கு ஒரு மில்லிமீட்டர் அதிகமாக நகர நேர்ந்தால், இரண்டு சக்கரங்களுக்கும் சேர்த்து ஒரு கன சென்டிமீட்டருக்கு மேலாகவே திரவம் செலவாகிறது. மேலே சொன்ன காற்றுக் குமிழி தின்ற ஒன்றரைச் சென்டிமீட்டரை இந்த இடைவெளியும் தின்றுவிடுகிறது. புதிய ஷூ மாட்டியவர்கள் அட்ஜஸ்டரைத் திருகி இடைவெளியைக் குறைக்க மறப்பது சகஜம். அதைவிடக் கெட்டது, இடப்பக்கத்து அட்ஜஸ்டரையும் வலப்பக்கத்து அட்ஜஸ்டரையும் மாற்றிப் பூட்டிவிடுவது. தானாக இறுகவேண்டியது அப்போது தானாகத் தளர்ந்துகொண்டே போகும். ஆகையால் டிரம்மைக் கழற்றும்போது ஒரே சமயத்தில் இரு பக்கத்தையும் பிரிக்காமல், ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறு பக்கத்துக்குப் போவது உத்தமம். பிரிக்காத பக்கம் உங்களுக்கு மாதிரிப் படமாகவும் உதவும்.

அப்படியானால் குற்றம் காற்றினுடையதா, இடைவெளியினுடையதா, வேறொன்றினுடையதா என்று நிச்சயிப்பது எவ்வாறு? ஸ்பேனரை எடுக்குமுன் பாதத்தைக் கொண்டே பரீட்சை செய்யலாம். எஞ்சினை நிறுத்திவிட்டுப் பெடலைப் பலமுறை மிதித்துப் பூஸ்டரில் மிஞ்சியிருக்கும் வெற்றிடத்தைத் தீர்த்துவிட்டு, ஒரு நிமிஷம் காலை எடுத்துவிடுங்கள். பிறகு ஒரு முறை மிதித்து, தொடர்ந்து மேலும் சில முறை மிதித்துப் பாருங்கள். முதல் மிதியில் ஆழமாகப் போய், அடுத்தடுத்த மிதியில் உயர்ந்து வந்து, உயர்ந்த இடத்தில் எவ்வித நெகிழ்ச்சியுமின்றிக் கெட்டியாக நின்று, மறுபடி ஓய்வு கொடுத்தால் பழையபடி ஆழமாகப் போகுமானால், அது பெரும்பாலும் இடைவெளியின் வேலை; ஷூவை அட்ஜஸ்ட் செய்யுங்கள், முன்சக்கரத்தில் பேரிங் ஆட்டம் இருக்கிறதா என்றும் அசைத்துப் பாருங்கள், ஏனெனில் ஆடும் டிஸ்க் பேடைத் தட்டித் தட்டிப் பின்னுக்குத் தள்ளிவிடும். எத்தனை முறை பம்ப் அடித்தாலும் முடிவில் ஒரு மிருதுத்தன்மை மாறாமல், இன்னும் சிறிது அழுத்தினால் இன்னும் சிறிது போவது போலிருந்தால், அங்கே காற்று இருக்கிறது. அல்லது பழைய ரப்பர் ஹோஸ் அழுத்தத்தில் உப்புகிறது. ஹோஸை அறிய வழி எளிது: ஒருவர் பலமாக மிதிக்க, மற்றொருவர் சக்கரத்தருகே ஹோஸைக் கையால் பிடித்துக்கொண்டிருந்தால், உப்புவது விரலுக்குத் தெரியும். மூன்றாவது வகையே மிகவும் வஞ்சகமானது. பெடல் முதலில் கெட்டியாகவே நிற்கும். காலை எடுக்காமல் ஒரே சீராக அழுத்திக்கொண்டிருந்தால், அவசரம் எதுவுமில்லாமல், மெல்ல மெல்லக் கீழே போய்க்கொண்டேயிருக்கும். சிக்னலில் நிற்கும்போது மட்டும் வெளிப்படும் இந்தக் குணம், மாஸ்டர் சிலிண்டருக்குள்ளிருக்கும் ரப்பர் கப் திரவத்தைப் பின்னுக்கு நழுவவிடுவதையோ, எங்கேனும் வெளியே ஒழுக்கு இருப்பதையோ குறிக்கும். வெளியே ஈரம் காணப்படவில்லையென்றால் மாஸ்டர் சிலிண்டரே குற்றவாளி. அதற்குக் காற்று எடுத்துப் பிரயோஜனமில்லை.

எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் அழுத்தியிருக்கும் பெடல் சற்றே இறங்குவதைக் கண்டு பதறுகிறவர்களும் உண்டு. அது பூஸ்டர் வேலை செய்வதன் அடையாளம்; இறங்காவிட்டால்தான் கவலைப்படவேண்டும்.

அடுத்து, எதைத் திறந்தோம் என்று நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். பேட் மட்டும் மாற்றியிருந்தால் திரவம் ஓடும் பாதையை நீங்கள் திறக்கவே இல்லை. காற்று எங்கிருந்து வரும்? புதிய கனமான பேடுக்கு இடம் கொடுப்பதற்காகக் கேலிப்பர் பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பீர்கள்; அது மறுபடி வெளியே வந்து பேடைத் தொடும்வரை பெடல் இறங்கத்தான் செய்யும். இதற்காகவே, வண்டியை ஒரு சாணும் நகர்த்துவதற்கு முன்னால், பெடல் கெட்டிப்படும்வரை நிதானமாக மிதித்துக்கொள்ளவேண்டும் என்பது பட்டறைகளில் பையன்களுக்குச் சொல்லித் தரும் முதற்பாடம். வாசலிலிருந்து பின்பக்கமாக எடுக்கும்போது எதிர்வீட்டுத் திண்ணையில் போய் இடித்த வண்டிகள் பெரும்பாலும் இந்த முதற்பாடத்தைக் கேளாதவர்களுடையவை. அப்படி மிதித்த பிறகும் மிருதுத்தன்மை நீங்கவில்லையானால், பேட் தன் இருக்கையில் நேராகப் படிந்திருக்கிறதா, பின்தகடு எங்கேனும் வளைந்திருக்கிறதா, கேலிப்பர் நகரும் பின்கள் துருப்பிடித்து இறுகியிருக்கின்றனவா என்று பாருங்கள், நிப்பிளைத் தொடாதீர்கள்.

ஹோஸையோ கேலிப்பரையோ வீல் சிலிண்டரையோ கழற்றியிருந்தால் காற்று புகுந்திருப்பது நிச்சயம். அதிலும் இரண்டு கேலிப்பர்களையும் கழற்றிச் சுத்தம் செய்து பூட்டியவர்கள், இடத்தையும் வலத்தையும் மாற்றிப் பூட்டிவிடுவது நான் பலமுறை கண்ட பிழை. பல வண்டிகளில் இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்து இரு பக்கமும் கச்சிதமாகப் பொருந்தியும் விடுகின்றன. வித்தியாசம் ஒன்றே: சரியாகப் பூட்டினால் நிப்பிள் கேலிப்பரின் உச்சியில் வானத்தைப் பார்த்து நிற்கும், மாறிப்போனால் அடிப்பக்கத்துக்கு வந்துவிடும். காற்று மேலே மிதக்க, துவாரம் கீழே இருந்தால், டின் டின்னாக ஆயிலைச் செலவிட்டாலும் திரவம்தான் வெளியேறும், காற்று மேலே தன் இடத்தில் சுகமாக வீற்றிருக்கும். ஹோஸ் சேரும் இடத்துச் செம்பு வாஷரையும் புதிதாகப் போடுங்கள். ஒருமுறை நசுங்கிய வாஷர் மறுமுறை அழுத்தத்தைத் தாங்குவது அபூர்வம். மாஸ்டர் சிலிண்டரையே மாற்றியிருந்தால், அதை வண்டியில் பூட்டுவதற்கு முன்பே வைஸில் பிடித்து, ஆயில் நிரப்பி, வெளியேறும் துவாரங்களிலிருந்து குழாய்களை அதன் டப்பாவுக்குள்ளேயே திருப்பிவிட்டு, குமிழி ஓயும்வரை பிஸ்டனை மெதுவாகத் தள்ளியிருக்கவேண்டும். இதைச் செய்யாமல் பூட்டிவிட்டுச் சக்கரங்களில் காற்றைத் தேடுவது வீண் பிரயாசை.

காற்று எடுப்பதற்கு இருவர் வேண்டும். ஒருவர் இருக்கையில், ஒருவர் சக்கரத்தருகே. எஞ்சின் ஓடக் கூடாது. வண்டி ஜாக்கியை மட்டும் நம்பி நிற்கக் கூடாது. ஸ்டாண்டு வைத்த பிறகே அடியில் தலையை நீட்டவேண்டும். நிப்பிளின் ரப்பர் மூடியை எடுத்துவிட்டு, கரிசல் மண்ணைத் துடைத்து, முதலில் ரிங் ஸ்பேனரை மாட்டி, பிறகு உள்ளே ஓடுவது தெரியும்படியான பிளாஸ்டிக் குழாயைச் செருகி, அதன் மறுமுனையைச் சிறிது புதிய ஆயில் ஊற்றிய பாட்டிலில் மூழ்கவிடுங்கள். 'மிதி' என்றதும் மேலிருப்பவர் மெதுவாக மிதித்து, 'பிடிச்சிருக்கேன்' என்று குரல் கொடுக்கவேண்டும்; கீழிருப்பவர் நிப்பிளைக் கால் சுற்று தளர்த்த, பெடல் இறங்கும்; இறங்கிய பெடலை அவர் அப்படியே வைத்திருக்க, நிப்பிள் இறுக்கப்பட்ட பின்னரே 'விடு' என்னும் உத்தரவு பிறக்கவேண்டும். இந்தக் கிரமம் ஒருமுறை பிறழ்ந்தாலும் வெளியேறிய காற்று வந்த வழியே உள்ளே திரும்பிவிடும். குழாயை உற்றுக் கவனியுங்கள். முதலில் டிகாக்ஷன் போன்ற நிறத்தில் பழைய ஆயில் வரும். அதன்பின் மணல் பரிமாணத்துக் குமிழிகள் நெருக்கமாக, நுரையும் திரவமுமாகக் கலந்து வரும். அவையும் ஓய்ந்து, இனி ஒன்றுமில்லை என்று கீழிருப்பவருக்குச் சலிப்புத் தட்டும் சமயத்தில், உளுந்தளவில் ஒரு குமிழி குழாயின் மேற்சுவரை ஒட்டியபடி சாவகாசமாக நகர்ந்து வந்து பாட்டிலுக்குள் மறையும். பெரும்பாலும் அதற்கடுத்த மிதியில்தான், 'இப்ப நிக்குது' என்ற சொல் மேலிருந்து கேட்கும். குமிழி வராமல் அடம்பிடித்தால் கேலிப்பரை மரச்சுத்தியால் லேசாகத் தட்டுங்கள். சுவரில் ஒட்டியிருப்பது விட்டு எழும்பும்.

மேலேயுள்ள டப்பாவில் ஆயில் வற்றிவிடாமல் பார்த்துக்கொள்வதற்கு மூன்றாமவராக வீட்டுப் பிள்ளை ஒருவரை நிறுத்திவைப்பது நல்லது. அது ஒருமுறை வற்றினால் செய்த வேலை அத்தனையும் பாழாகி ஆரம்பத்திலிருந்து தொடங்கவேண்டும். பாட்டிலில் சேர்ந்த ஆயிலைத் திரும்ப ஊற்றும் சிக்கனம் கூடாது. அதில் நுரையும் அழுக்கும் மட்டுமன்றி ஈரமும் சேர்ந்திருக்கிறது. எந்தச் சக்கரத்தில் தொடங்குவது என்பதற்கு, மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலிருப்பதில் தொடங்கி அண்மையிலிருப்பதில் முடிப்பது பொது விதி. வலப்பக்கம் ஸ்டியரிங் உள்ள நம் வண்டிகளில் பின்இடது, பின்வலது, முன்இடது, முன்வலது என்பது அதன் வரிசை. ஆயினும் முன்சக்கரத்தால் இழுக்கப்படும் சிறு கார்களில் பிரேக் குழாய்கள் குறுக்காக இணைக்கப்பட்டிருப்பதால், சில கம்பெனிகள் வேறு வரிசை விதித்திருக்கின்றன. வண்டியோடு வந்த புத்தகம் சொல்வதே பிரமாணம்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. பழைய மாஸ்டர் சிலிண்டரில், ரப்பர் கப் தினந்தோறும் போய்வரும் பாதை மாத்திரம் பளபளவென்றிருக்கும். அதற்கு அப்பாலுள்ள பகுதி, வருஷக்கணக்காக எதுவும் தீண்டாமையால், துருவும் கசடும் படிந்து கிடக்கும். காற்று எடுக்கும் உற்சாகத்தில் பெடலைத் தரைவரை மிதித்தால், கப்பின் மெல்லிய உதடு அந்தக் கசடில் உராய்ந்து கிழிந்துபோகும். காலையில் நன்றாயிருந்த மாஸ்டர் சிலிண்டர் மாலையில் கெட்டுப்போனதற்குக் கர்மவினையைக் காரணம் காட்டுவதைக் காட்டிலும், பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையைப் போட்டு அது முழுதும் இறங்காமல் தடுத்துவிடுவது புத்திசாலித்தனம்.

லோடு வண்டிக்காரர்களுக்கு விசேஷமாக ஒன்று. பல பிக்கப் வண்டிகளில் பின் அச்சுக்கு மேல், பாரத்துக்கேற்பப் பின்சக்கரப் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் எல்.எஸ்.பி.வி. வால்வு ஒன்று உண்டு. வண்டியின் சேஸிஸைத் தூக்கிப் பின் அச்சைத் தொங்கவிட்டால், வண்டி காலி என்று எண்ணிக்கொண்டு அந்த வால்வு பின்பக்கத்துக்குப் போகும் அழுத்தத்தை மட்டுப்படுத்திவிடும். அந்நிலையில் பின்சக்கரத்தில் காற்று சரிவர வெளியேறாது. அச்சின் மீதே பாரம் நிற்குமாறு ஸ்டாண்டு வைத்துக்கொள்ளுங்கள். சிலவற்றில் அந்த வால்வுக்கே தனியாக ஒரு நிப்பிள் இருக்கும், அதையும் விட்டுவிடாதீர்கள். ஏ.பி.எஸ். உள்ள வண்டிகளில், டப்பா வற்றிப்போய் அந்த யூனிட்டுக்குள் காற்று புகுந்துவிட்டால், பல மாடல்களில் கம்ப்யூட்டர் கருவியைக் கொண்டு உள்ளிருக்கும் வால்வுகளைத் திறந்தாலன்றி அக்காற்று வெளியேறாது. அது வேப்பமரத்தடியில் ஆகும் காரியமன்று, பட்டறைக்கே கொண்டுபோக வேண்டும்.

ஆயிலைப் பற்றியும் சொல்லவேண்டும். கார்களில் சாதாரணமாக வழங்கும் டாட் 3, டாட் 4 ஆகியவை கிளைக்கால் வகைத் திரவங்கள்; எஞ்சின் ஆயிலையோ பவர் ஸ்டியரிங் ஆயிலையோ அவசரத்துக்கென்று ஒரு மூடி ஊற்றினாலும், கப்புகளும் சீல்களும் ஹோஸ்களும் ஊதிப் பருத்து, அத்தனையையும் மாற்றவேண்டிய செலவு வந்து சேரும். இத்திரவம் காற்றிலுள்ள ஈரத்தை ஓயாமல் உறிஞ்சும் சுபாவமுடையது. டாட் 3 புதிதாக இருக்கையில் குறைந்தபட்சம் 205 டிகிரி வரையில் கொதிக்கக் கூடாது என்பது விதி. நூற்றுக்கு மூன்றரைப் பங்குக்குச் சற்று அதிகமாக நீர் சேர்ந்துவிட்டால் அந்த எல்லை 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. டாட் 4க்கு இவ்வெல்லைகள் 230, 155. கார்த்திகை மார்கழியில் சபரிமலை சென்று, குமுளியிலிருந்து லோயர்கேம்ப் நோக்கி இரண்டாம் கியரை மறந்து பிரேக்கிலேயே இறங்கும் வேனில், மேலே கெட்டியாக இருந்த பெடல் பாதி மலையில் திடீரென்று இறங்குவதற்கு, ஈரம் சேர்ந்த ஆயில் கொதித்து ஆவியாவதே காரணம். ஆகையால், திறந்து ஒரு வருஷம் அலமாரியில் கிடந்த அரை டின்னைக் கொண்டு வேலையை முடிக்காதீர்கள்.

நம்மூருக்கே உரிய அபாயமும் ஒன்றுண்டு. குடிநீர்த் தொட்டிகளுக்கும் நீச்சல் குளங்களுக்கும் போடும் கால்சியம் ஹைப்போகுளோரைட் தூளின் மேல் பிரேக் ஆயில் பட்டால், நெருப்பு எதுவும் காட்டாமலே சற்று நேரத்தில் அது தானாகத் தீப்பற்றிக்கொள்ளும். ஆக்ஸிஜனை வெளியிடும் உப்புகளோடு இத்திரவத்துக்குப் பொதுவாகவே ஒத்துப்போகாது. அத்தகைய உப்புகளைக் கையாண்டே ஜீவிக்கும் ஊரில், ஆலையிலிருந்து வந்த மருந்து படிந்த பழந்துணியைப் பிரேக் துடைக்க எடுப்பதும், ஆயில் நனைந்த துணியோடும் கையோடும் ஆலை வேலைக்குப் போவதும் கூடவே கூடாது. பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள். பழைய ஆயிலை ஓடையிலோ கிணற்றங்கரையிலோ கொட்டாதீர்கள். டிரம்மிலுள்ள தூசியை வாயால் ஊதுவதும் வேண்டாம், பழைய லைனிங்குகளில் கல்நார் இருக்கக்கூடும். ஈரத்துணியால் துடைப்பதே முறை.

ஆட்களை ஏற்றும் வேன்காரர்களிடம் எனக்கு ஒரு தனி வேண்டுகோள் உண்டு. இக்காலத்து மாஸ்டர் சிலிண்டர், இரண்டு பகுதிகளாக அமைந்து, ஒன்று கெட்டாலும் மற்றொன்றைக் கொண்டு வண்டியை நிறுத்தும் விதமாகச் செய்யப்பட்டிருக்கிறது. அந்த நல்ல ஏற்பாடே ஏமாற்றுக்கும் காரணமாகிவிடுகிறது: ஒரு பகுதி முற்றிலும் செத்துப்போன பிறகும் பெடல் மிக ஆழத்தில் எப்படியோ பிடிப்பதால், 'கொஞ்சம் இறங்கிப் பிடிக்கிறது, அவ்வளவுதான்' என்று பதினைந்து பேரை ஏற்றிக்கொண்டு புறப்படுகிறார்கள். பழுதான வண்டியைச் சாலையில் ஓட்டுவது 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 190ஆம் பிரிவுப்படி குற்றமாகும் என்பது ஒருபுறம் இருக்க, சொந்தக் காரில் சொந்தக் கையால் செய்த வேலைக்குச் சொந்த உயிரைப் பணயம் வைப்பவனுக்கும், கூலிக்குப் போகும் பதினைந்து குடும்பங்களின் உயிரைப் பணயம் வைப்பவனுக்கும் பேதம் உண்டு. வேலையை நீங்களே செய்யுங்கள். ஆனால் ஆட்களை ஏற்றுமுன் தேர்ந்த மெக்கானிக் ஒருவரை அழைத்து, அவர் காலை அந்தப் பெடலின் மேல் வைத்துச் சொல்வதைக் கேளுங்கள். அதற்கு அவர் வாங்கும் தொகை ஒரு டின் ஆயில் விலைகூட இராது.

எல்லாம் முடிந்து பெடல் ஒரே மிதியில் கெட்டியாக நின்றதும் நேரே சிவகாசிச் சாலைக்குப் போய்விடாதீர்கள். ஆளில்லாத சமதளத்தில், மனிதன் நடக்கும் வேகத்தில், ஹேண்ட் பிரேக்கில் ஒரு கை வைத்தபடி முதலில் நிறுத்திப் பாருங்கள். பிறகு சிறிது வேகத்தில். வண்டி ஒரு பக்கமாக இழுத்தால் அந்தப் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்துச் சக்கரத்தில் இன்னும் வேலை பாக்கியிருக்கக்கூடும் என்று அறியுங்கள். நன்றாக நிற்கிறதென்றால், எஞ்சின் ஓடும்போதே பெடலைப் பலமாக அழுத்தி அரை நிமிஷம் பிடித்திருந்துவிட்டு, ஆயில் டப்பாவின் மட்டத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டு வையுங்கள். மறுநாள் காலையில், வண்டியை எடுப்பதற்கு முன், நான்கு டயர்களின் உட்புறச் சுவரிலும் ஈரம் படர்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு, அந்தக் கோட்டையும் பாருங்கள். மட்டம் குறைந்திருந்தால், குறைந்ததை ஊற்றி நிரப்பிவிட்டுப் புறப்படவேண்டாம். ஒழுக்கு இருக்கும் இடம் தெரியும்வரையில், வேனில் போகவேண்டியவர்கள் அன்றைக்குப் பஸ்ஸில் போகட்டும்.

இங்ஙனம்,
உங்கள் அன்பன்,
பழைய பட்டறைக்காரன் ஒருவன்
தாயில்பட்டி